ஒன்பது மணிக்கு மேல திரும்பாத வால்யூம்: ப்ரீஆம்ப் கேள்வி பதில்

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): சார், சேத்து வச்ச காசெல்லாம் போட்டு ஒரு பெரிய பிராண்ட் ப்ரீஆம்ப் (எந்த பாட்டுன்னு செலக்ட் பண்ணி வால்யூமை பாத்துக்குற பெட்டி) வாங்கிட்டேன். ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ஆம்ப் தனியா இருக்கு, டேக்ல (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற டிஏசி பெட்டி) இருந்து மூணு பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் போட்டிருக்கேன். வால்யூம் நாப் கடிகார முள் மாதிரி ஒன்பது மணி பொசிஷனுக்கு வந்தாலே வீடு அதிருது, ராத்திரி மெதுவா வச்சா பாட்டு லெஃப்ட் பக்கம் சாயுது. பீஸ் டிஃபெக்டா?

பதில்: டிஃபெக்ட் எல்லாம் இல்லீங்க. கணக்கு போட்டு பாருங்க, உங்க டேக் எக்ஸ்எல்ஆர்ல சாதாரணமா 4 வோல்ட் வரைக்கும் தரும், பவர் ஆம்புக்கு முழு பவர் குடுக்க ஒண்ணரை, ரெண்டு வோல்ட் போதும், ஆக ப்ரீஆம்ப் எதையும் பெருக்கவே தேவையில்ல, ஆனா நடுவுல அது 12 டெசிபல், அதாவது 4 மடங்கு பெருக்க ரெடியா நிக்குது. ஒரு குடம் தண்ணிக்கு ஃபயர் சர்வீஸ் வண்டிய கூப்பிட்ட கதைதான். ட்யூனரும் டேப் டெக்கும் அரை வோல்ட்டுக்கும் கம்மியா குடுத்த காலத்துல இந்த கெயின் (பெருக்கம்) தேவைப்பட்டுச்சு, 1982ல சிடி வந்து 2 வோல்ட் வழக்கமாச்சு, அப்புறமும் நிறைய ப்ரீஆம்ப்ல பழைய கெயின் அப்படியே இருக்கு.

லெஃப்ட் பக்கம் சாயுறதும் இதனாலதான். நாப்புக்குள்ள ரெண்டு சேனலுக்கும் தனித்தனி டிராக் இருக்கு, அடிமட்டத்துல அந்த ரெண்டும் ஒரே அளவுல குறைக்காது, எவ்வளவு நல்ல பொட்டென்ஷியோமீட்டரா (நாப்போட உள் பாகம்) இருந்தாலும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் (ரிலேன்ற குட்டி சுவிட்ச் வச்சு ஸ்டெப் ஸ்டெப்பா போற வால்யூம்ல இந்த தொல்லை கிட்டத்தட்ட இல்ல). அதனால நாப் பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் வேலை செய்யுற மாதிரி பண்ணணும். முதல்ல ப்ரீஆம்ப் மெனுவுல கெயின் இல்லன்னா இன்புட் ட்ரிம் (உள்ள வர்ற சிக்னலை குறைக்குற செட்டிங்) இருக்கான்னு பாருங்க. இல்லையா, டேக்லயே டிஜிட்டல் வால்யூமை ஒரு 6, 10 டெசிபல் குறைச்சிடுங்க, 24 பிட் டேக்ல அந்த அளவு குறைச்சா காதுக்கு ஒண்ணும் தெரியாது. அதுவும் பத்தலன்னா ப்ரீக்கும் பவருக்கும் நடுவுல சிக்னலை குறைக்குற 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் போடுங்க, சின்ன சாமான்தான், ப்ரீஆம்போட ஸ்ஸ்ஸ் சத்தமும் சேந்து குறையும், எனக்கு பிடிச்ச வழி இதுதான். இதெல்லாம் முடியுற வரைக்கும் புது கேபிள் வாங்க கடைக்கு போயிடாதீங்க.

கேள்வி (மதுரை வாசகர்): வால்வ் (டிரான்சிஸ்டருக்கு பதிலா கண்ணாடி குழாய் வச்சது) ப்ரீஆம்ப் வாங்கி, ஆம்ப் உள்ளயே இருக்குற ஆக்டிவ் ஸ்பீக்கர்ல கனெக்ட் பண்ணேன். குரல் அவ்வளவு அழகு, ஆனா பேஸ் மெலிஞ்சு போச்சு. கடைல கேட்டா பவர் கார்டை மாத்த சொல்றாங்க.

பதில்: பவர் கார்டை விடுங்க. மேனுவலை எடுத்து ரெண்டே நம்பர் பாருங்க: ப்ரீஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு காட்டுற தடை, ஓம்ல போட்டிருக்கும்), ஸ்பீக்கரோட இன்புட் இம்பீடன்ஸ். ரெண்டாவது, முதலாவதை விட 10 மடங்காவது இருக்கணும், 20 மடங்கு இருந்தா நிம்மதி. ஸ்டுடியோ டைப் ஆக்டிவ் ஸ்பீக்கர்ல இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம்தான். வால்வ் ப்ரீஆம்போட வாசல்ல டிசி வெளிய வராம தடுக்க ஒரு கப்பாசிட்டர் உக்காந்திருக்கும், அதுவும் இந்த 10 கிலோ ஓமும் சேந்தா தானாவே ஒரு பேஸ் கட் ஃபில்டர் ஆயிடுது. கப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட்னா 16 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் விழும், பரவால்ல. 0.47 தான்னா அந்த 3 டெசிபல் 34 ஹெர்ட்ஸ்லயே விழுந்துடும், மிருதங்கத்தோட தொப்பி பக்கம் நல்லா இருக்கும், ஆர்கன், சிந்த்தோட அடி பேஸ் எல்லாம் மெலிஞ்சு போகும். அதே ப்ரீஆம்பை 47 கிலோ ஓம் இன்புட் இருக்குற பவர் ஆம்ப்ல மாட்டினா 34 ஹெர்ட்ஸ்ன்றது 7 ஹெர்ட்ஸ் ஆயிடும். ஆக ப்ரீஆம்ப் மேலயும் தப்பில்ல, ஸ்பீக்கர் மேலயும் தப்பில்ல, ஜோடிதான் சரியில்ல. நல்ல டெக்னீஷியன் கிடைச்சா அந்த கப்பாசிட்டரை பெருசா மாத்தி தருவார், வாரன்ட்டி இருந்தா கை வைக்காதீங்க.

கேள்வி (சென்னை வாசகர்): எல்லாம் செட் பண்ணி ஆன் பண்ணா உர்ர்ர்னு ஒரு ஹம். பிளக்ல எர்த் பின்னை கழட்டிட்டா போயிடுதுன்னு ஃப்ரெண்ட் சொல்றான், செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீங்க! ஹம் போகும்ன்றது உண்மைதான், ஆனா உள்ள ஏதாவது ஒயர் பாடில பட்டுச்சுன்னா நீங்க நாப்பை தொடும்போது உங்க உடம்புதான் எர்த். வால்வ் ப்ரீஆம்ப்னா உள்ள 200, 300 வோல்ட் டிசி வேற ஓடுது.

ஹம் எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல, பொறுமைதான் வேணும். பவர் ஆம்ப், ப்ரீஆம்ப் மட்டும் வச்சுட்டு மத்த எல்லா ஒயரையும் புடுங்குங்க, சத்தம் இல்லன்னா ஒண்ணொண்ணா திரும்ப மாட்டுங்க, ஒவ்வொரு தடவையும் பவர் ஆம்பை ஆஃப் பண்ணிட்டு. நம்ம ஊர்ல பாதி கேஸ்ல டிவி ஒயரை மாட்டுனதும்தான் ஹம் வரும், ஏன்னா மொட்டை மாடி டிஷ்ல இருந்தோ கேபிள்காரர் ஒயர்ல இருந்தோ இன்னொரு எர்த் பின்வாசல் வழியா வீட்டுக்குள்ள வந்திருக்கும், ரெண்டு எர்த்துக்கு நடுவுல ஓடுற கரண்ட்தான் ஸ்பீக்கர்ல கேக்குது. டிவியில இருந்து டேக்குக்கு ஆப்டிகல் கேபிள் போட்டீங்கன்னா தீந்துது, அதுல வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. மத்ததெல்லாம் ஒரே சுவர் சாக்கெட்ல இருந்து எடுங்க. அப்படியும் நிக்கலன்னா எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு அந்த சாக்கெட்ல எர்த் நிஜமாவே இருக்கான்னு பாக்க சொல்லுங்க, மூணு ஓட்டை இருந்தும் ஒண்ணுல ஒயரே இல்லாத வீடு நிறைய இருக்கு.

கேள்வி (திருச்சி வாசகர்): அப்பாவோட எல்பி எல்லாம் கேக்கலாம்னு டர்ன்டேபிளை ஆக்ஸ் இன்புட்ல மாட்டினேன், ரேடியோ தூரத்துல பாடுற மாதிரி இருக்கு.

பதில்: ஃபோனோ ஸ்டேஜ் (டர்ன்டேபிளோட குட்டி சிக்னலை பெருக்குற சர்க்யூட்) இல்ல, அதான். எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்குற பாகம், காந்தம் அசையுற வகை) தர்றது ஒரு 5 மில்லிவோல்ட், சிடி தர்றது 2 வோல்ட், 400 மடங்கு வித்தியாசம். அது மட்டுமில்ல, ரெக்கார்ட் வெட்டும்போதே பேஸை குறைச்சு ட்ரெபிளை ஏத்திதான் வெட்டுவாங்க, இல்லன்னா பள்ளம் அகலமாகி ஒரு சைடுல பாட்டே கொள்ளாது. 1954ல அமெரிக்காவுல ஆர்ஐஏஏன்னு அதுக்கு ஒரு பொது அளவு வந்துச்சு, ஃபோனோ ஸ்டேஜ் அதை அப்படியே தலைகீழா பண்ணி 20 ஹெர்ட்ஸ் பக்கம் கிட்டத்தட்ட 20 டெசிபல் ஏத்தி குடுக்கும். உங்க ப்ரீஆம்ப்ல ஃபோனோன்னு போட்ட இன்புட் இல்லன்னா தனி பாக்ஸ் வாங்குங்க, எம்எம்முக்கு 40 டெசிபல் கெயின், 47 கிலோ ஓம், இது ரெண்டும் இருந்தா போதும். எம்சி (காயில் அசையுற வகை) கார்ட்ரிட்ஜ்னா 60 டெசிபல் வேணும், அது தனி செலவு, தனி பைத்தியம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): நியூ ஜெர்சில இருக்குற அண்ணன் ஒரு ப்ரீஆம்பும் பழைய டர்ன்டேபிளும் அனுப்புறார். 120 வோல்ட்டாம்.

பதில்: நேரா சுவர்ல மாட்டிடாதீங்க, ஃபியூஸ் போனா அது உங்க அதிர்ஷ்டம். ப்ரீஆம்ப் அதிகம் கரண்ட் இழுக்காது, பின்பக்கம் எழுதியிருக்குற வாட்ஸை விட ரெண்டு மடங்கு கெபாசிட்டில ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி ரேக்ல இருந்து தள்ளி வைங்க. டர்ன்டேபிள்தான் பிரச்சனை. பழசுல ஏசி மோட்டார்னா அது அமெரிக்க கரண்டோட 60 ஹெர்ட்ஸை நம்பி சுத்துறது, இங்க 50, அதனால 33⅓க்கு பதிலா நிமிஷத்துக்கு 28 சுத்து கூட வராது, எல்லாரும் தூக்க மாத்திரை போட்டுட்டு பாடுவாங்க. டிரான்ஸ்ஃபார்மர் இதை சரி பண்ணாது, 50 ஹெர்ட்ஸ் புல்லி (மோட்டார்ல மாட்டுற குட்டி சக்கரம்) கிடைக்குமான்னு இப்பவே தேட சொல்லுங்க.

கேள்வி (சேலம் வாசகர்): இவ்வளவு விலை குடுத்தும் பேஸ், ட்ரெபிள் நாப் இல்ல, ஏமாத்தறாங்களா?

பதில்: அது அவங்க கொள்கை, சிக்னல் பாதையில ஒண்ணுமே இருக்கக்கூடாதுன்னு. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. பிரிட்டிஷ் இன்ஜினியர் பீட்டர் பாக்ஸண்டால் 1952லயே நல்ல டோன் கன்ட்ரோல் சர்க்யூட் போட்டு குடுத்துட்டார், மெக்கின்டாஷ் மாதிரி பெரிய கம்பெனியே இன்னைக்கும் டோன் கன்ட்ரோல் வச்சு ப்ரீஆம்ப் விக்குது. மட்டமா ரெக்கார்ட் ஆன பழைய பாட்டு கேக்குறவங்களுக்கு அது வேணும். அடுத்த தடவை பாத்து வாங்குங்க.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): எதை முதல்ல ஆன் பண்ணணும்?

பதில்: ப்ரீஆம்ப் முதல்ல, வால்வ்னா ஒரு நிமிஷம் சூடாகட்டும், அப்புறம் பவர் ஆம்ப். ஆஃப் பண்ணும்போது பவர் ஆம்ப் முதல்ல. மாத்தி பண்ணா டப்புனு ஒரு அடி, ட்வீட்டருக்கு (ட்ரெபிள் தர்ற குட்டி ஸ்பீக்கர்) ஆகாது. நெய்ம் கம்பெனியோட பழைய ப்ரீஆம்ப் சிலது பவர் ஆம்ப்ல இருந்தே கரண்ட் எடுத்துக்கும், அங்க இந்த கேள்வியே வராது. கடற்காத்து ஊர்ன்றதால இன்னொண்ணு, சில மாசத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஆர்சிஏ பிளக்கை எல்லாம் ஒரு தடவை உருவி மாட்டுங்க, கரகர சத்தம் பாதி அதுலயே போயிடும்.