போகிற ஆயர், வருகிற ஆயர், நடுவில் செயலர்

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்கு இந்த முறைதான் செயலராக வந்திருக்கிறேன். ஆறு வருஷம் இருந்த ஆயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, மாற்றல் வந்துவிட்டது. புதியவர் வருமுன்னே கொயரில் சிலர் ‘வருபவர் கிட்டாரை நிறுத்திவிடுவாராம்’ என்று கிளப்பிவிட்டார்கள். பெரியவர்கள் சிலர், பழைய ஐயா இல்லையென்றால் கோயிலுக்கே வரமாட்டோம் என்கிறார்கள். வரப்போகும் கல்யாணங்களுக்கும் பழைய ஐயாதான் வேண்டுமாம். என்ன செய்வது?
- பாஸ்டரேட் செயலர், பெரம்பூர்

பதில்: அந்தப் பெரியவர்களைக் கொஞ்சம் விடுங்கள், வருவார்கள். வீட்டில் துக்கம் நடந்தபோது வந்து நின்றவர், பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் கிளம்புகிறார் என்றால் மனசு கேட்காதுதான், அதைப் போய் கலகம் என்று எடுத்துக்கொண்டு கமிட்டியில் பேசக் கிளம்பினால்தான் வம்பு. வேதத்திலேயே, நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி என்று ஊழியர்கள் பேரைச் சொல்லிக் கொரிந்து சபையே பிரிந்து நின்றது, பெரம்பூர் மட்டும் தப்புமா?

உங்கள் முக்கியமான வேலை வேறு. பெரும்பாலும் கணக்கு, பதிவேடுகள், சாவிக்கொத்து இவற்றை ஒப்படைத்ததோடு கமிட்டி கையைத் துடைத்துக்கொள்கிறது, சபை மக்களை யாரும் ஒப்படைப்பதில்லை. பழைய ஆயர் பெட்டி கட்டுவதற்குள் உறுப்பினர் பட்டியலோடு அவர் எதிரில் உட்காருங்கள். படுக்கையில் இருப்பவர் யார், வீட்டில் திருவிருந்து (அப்பமும் திராட்சை ரசமும்) கொடுக்க வேண்டியவர் யார், டயாலிசிஸுக்குப் போகிறவர், சமீபத்தில் சாவு விழுந்த வீடு, திடப்படுத்தலுக்கு (கன்ஃபர்மேஷன்) தயாராகும் பிள்ளைகள், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பதை மட்டும் எழுத வேண்டாம், அது புதியவருக்குத் தானாகவே தெரிந்துவிடும், சீக்கிரமே தெரிந்துவிடும். ஆயரிடம் தனியாகச் சொல்லப்பட்ட விஷயங்களும் அவரோடு போகட்டும். அப்புறம் முதல் மாதத்திலேயே புதிய ஆயரை அந்த வீடுகளுக்குக் கூட்டிப்போங்கள். கூட யாராவது பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மா வந்தால் நல்லது, செயலர் பெல் அடித்தால் ஏதோ வசூல் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கல்யாண விஷயத்தில் மட்டும் தயவு பார்க்காதீர்கள். பொறுப்பில் இருக்கும் ஆயர்தான் கோயிலுக்கும் கல்யாணப் பதிவேட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர், அதனால் பெண் வீடோ மாப்பிள்ளை வீடோ முதலில் அவரிடம் பேசட்டும், பழைய ஆயரை அவர் அழைக்கட்டும், பிரசங்கமோ ஆசீர்வாதமோ பழையவர் கொடுத்துவிட்டுப் போகட்டும். நேரே பழையவருக்குப் போன் போட்டுத் தேதி வாங்கிவிட்டு, புதியவரிடம் தகவலாக மட்டும் சொல்கிற பழக்கம் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். இதைப் பழைய ஆயரே கடைசி ஞாயிறு அறிவிப்பில் சொன்னால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம், கேட்டுப்பாருங்கள். ஓலை வாசிப்பு (ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பது) பாதியில் நிற்கிற கல்யாணம் ஏதாவது இருந்தால், எத்தனை ஞாயிறு வாசித்தாயிற்று என்று எழுதி வையுங்கள்.

கிட்டார்? வந்தவரிடமே கேளுங்கள். கிறிஸ்துமஸ் வரை ஆராதனை நேரத்தையும் பாட்டு முறையையும் இருக்கிறபடி விட்டுவிடுங்கள் என்று முதல் கமிட்டியிலேயே கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இருவருக்கும் நடுவில் ஓரிரு ஞாயிறு காலியாக இருந்தால், ஆராதனையையும் பிரசங்கத்தையும் சபை மூப்பர் ஒருவர் நடத்தலாம். திருவிருந்துக்கு மட்டும் பக்கத்து சபை ஆயரைக் கேட்க வேண்டும்.

ஆயர் குடியிருக்கும் பார்சனேஜையும் மறந்துவிடாதீர்கள். சுண்ணாம்பு அடித்தால் போதாது. மெட்ரோ வாட்டர் எத்தனை மணிக்கு வரும், சம்ப் மோட்டாருக்கு எந்த சுவிட்ச், பால்காரர், எலக்ட்ரீஷியன் நம்பர் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். சாமான் இறக்கிய ராத்திரி தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஆயரம்மா வாளியோடு நின்றால், மறுநாள் நீங்கள் போடும் மாலை எடுபடாது. பிள்ளைகள் இருந்தால் பள்ளி அட்மிஷன் விஷயத்தை ஜூனுக்கு முன்னாலேயே விசாரித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆயருக்குப் பிரிவுபசாரம் வைக்கிறோம். வசூலித்ததில் மிச்சமானால் புதியவரின் வரவேற்புக்கு எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம் அம்மா, போகிறவருக்கு என்று கொடுத்த பணம் போகிறவருக்கே. வரவேற்புக்குத் தனியாகக் கேளுங்கள், அதற்கும் ரசீது போடுங்கள். சங்கத்துக்கு ஒன்றாகப் பொன்னாடை போர்த்துவதைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தில் சாமான் ஏற்றும் லாரி வாடகையைக் கட்டிவிட்டால் வீடு மாற்றுகிற மனிதருக்கு அதுதான் உதவும்.