மூன்றாம் பாகம் எங்கே, பாட்டி?

புத்தகத் திண்ணை: வாசகர் கேள்வி பதில்

காவிரிக் கடைமடை ஊர்களில் 31 ஆண்டுகள் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்.

*

எட்டாம் வகுப்பு மாணவி, கோடிக்கரைப் பக்கத்துக் கிராமம்:

"பாட்டி, வணக்கம். எனக்குப் புத்தகம்னா உயிர். ஏழாவது முழுப் பரீட்சை லீவுல நூலகத்துல பொன்னியின் செல்வன் முதல் பாகம் எடுத்தேன். நாலே நாள்ல முடிச்சுட்டேன். ரெண்டாம் பாகத்துல எங்க கோடிக்கரை வருது! பூங்குழலி படகு ஓட்டுறா, குழகர் கோயில் வருது, சேத்துக் குழி வருது. நான் போட்ட சத்தத்துல அம்மா என்னமோ ஏதோன்னு அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க. ஆனா மூணாம் பாகம் இல்லை. யாரோ எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரலையாம். ரெண்டாம் பாகத்தையே மூணு தடவை படிச்சாச்சு. நாலாம் பாகம் அலமாரியில இருக்கு. அதை எடுத்துப் படிச்சுடவா? அப்பா வேற, 'பாடப் புத்தகத்தை இப்படிப் படிச்சா கலெக்டர் ஆயிடலாம்'னு திட்டுறார். ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சுத்தான் படிக்கிறேன். அது தப்பா?"

கண்ணு, நாலாம் பாகத்தைத் தொடாதே. கையைக் கட்டிக்கொண்டு அந்த அலமாரியைத் தாண்டிப் போய்விடு. நீ இப்போது எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். கடலிலும் புயலிலும் உன்னை நிறுத்திவிட்டுப் போய்விட்டார் கல்கி. அங்கிருந்து ஒரு பாகத்தைத் தாண்டிக் குதித்தால், யார் யாரை எதற்காக நம்புகிறார்கள் என்பதே உனக்குப் பிடிபடாது.

காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் இந்தக் கதையை முதலில் படித்தவர்கள் எல்லாருமே காத்திருந்து படித்தவர்கள்தான். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 வரைக்கும் வாரா வாரம் வந்தது. என் அம்மா அப்போது கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண். இதழ் வந்ததும் படித்துவிட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்தாள். மணியம் வரைந்த படங்கள் கசங்கக் கூடாதென்று நடுவில் பழைய காலண்டர் தாளைச் செருகியிருப்பாள். நான் பன்னிரண்டு வயதில் அந்தத் தொகுப்பில்தான் படித்தேன். அதில் மூன்று வாரப் பக்கங்கள் இல்லை. அந்த மூன்று வாரமும் அம்மா தாய்வீட்டில் இருந்தாள். அங்கே பத்திரிகை வாங்குகிறவர்கள் இல்லை.

எனக்கு உன்னைப் போலவே அழுகை வந்தது. அம்மா ஆட்டுக்கல்லில் மாவரைத்துக்கொண்டே அந்த மூன்று வாரக் கதையை எனக்குச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டேன். நூலக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் செய்த முதல் காரியம், அந்த விட்டுப்போன அத்தியாயங்களைத் தேடிப் பிடித்து வாசித்ததுதான். அம்மா சொன்னதில் பாதிக்கு மேல் புத்தகத்தில் இல்லை. யாரோ அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டதோடு, மிச்சத்தை அம்மாவே கட்டியிருக்கிறாள். பூங்குழலிக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாடிக் காட்டினாள். அந்தத் தாலாட்டை எந்தப் பதிப்பிலும் நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு அம்மா குரல்தான் கேட்கிறது.

அதனால் மூன்றாம் பாகம் கைக்கு வரும்வரை ஒரு நோட்டு எடுத்துக்கொள். அடுத்து என்ன நடக்கும் என்று நீயே எழுது. எழுதிவிட்டுப் பத்திரமாக வை. பிறகு கல்கி எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது காரியத்துக்கு வருவோம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அதனால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டிருக்கின்றன. மூன்றாம் பாகத்தின் பெயர் 'கொலை வாள்'. அப்பா நாகப்பட்டினம் போனால் மாவட்ட மைய நூலகத்தில் விசாரிக்கச் சொல். உன் ஊர் நூலகரிடமும் வாயால் கேட்டதோடு நிற்காதே, ஒரு தாளில் எழுதிக் கொடு. ஒரு குழந்தை எழுதிக் கொடுத்த தாள் மேசைமேல் கிடந்தால் நூலகருக்குக் கை சும்மா இருக்காது. நான் அந்த மேசையில் உட்கார்ந்தவள், சொல்கிறேன். அவசரம் தாங்கவில்லையென்றால், மதுரைத் திட்டம் என்று இணையத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள், ஐந்து பாகமும் இலவசம். பெரியவர்கள் யாரையாவது வைத்துக்கொண்டு எடுத்துக்கொள்.

இன்னொரு வேலையும் உனக்கு இருக்கிறது. நீ கோடிக்கரைப் பிள்ளை! இந்த நாவலைப் படிக்கிற லட்சம் பேருக்குக் கிடைக்காத வசதி உனக்கு இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு குழகர் கோயிலுக்குப் போ. அங்கே உட்கார்ந்து பூங்குழலி வரும் அத்தியாயத்தை வாசி. சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பூங்குழலி காட்டுகிறாள் அல்லவா, அது என்ன என்று உன் அறிவியல் ஆசிரியரிடம் கேள். சேற்றுக்கடியில் செடிகொடி மக்கும்போது என்ன வாயு கிளம்புகிறது என்று அவர் சொல்வார். மழைக்காலம் முடியும்போது உங்கள் உப்பங்கழியில் வந்து இறங்குகிற பூநாரைகளைப் பார். எங்கிருந்து வருகின்றன என்று அறியப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி அங்கே பல காலம் ஆய்வு நடந்திருக்கிறது. அதைப் பற்றிய புத்தகத்தைத் தேடு. ஒரு கதைப் புத்தகம் உன்னைப் பறவைப் புத்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இப்படிப் போகிற பிள்ளையை யாரும் 'அடுத்து இதைப் படி' என்று பட்டியல் போட்டுக் கெடுக்கக் கூடாது. ஆகவே நானும் போடவில்லை.

காட்டுமன்னார்கோவிலை ஒட்டி உடையார்குடி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கோயில் சுவரில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு. அதில் என்ன இருக்கிறது என்று இப்போது சொன்னால் உன் கதை கெட்டுவிடும். ஐந்து பாகமும் முடித்துவிட்டு எனக்கு எழுது, சொல்கிறேன்.

டார்ச் வேண்டாம். படிப்பது தப்பு இல்லை, ஆனால் கண் பத்திரம். அதற்கு அப்பாவிடம்தான் பேச வேண்டும். ஐயா, இதை நீங்களும் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். கதை படித்தால் மார்க் கூடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். மார்க்குக்காகப் படிக்கிற பொருள் அல்ல அது. உங்கள் மகள் தன் ஊரைப் புத்தகத்தில் கண்டதும் கத்தியிருக்கிறாள். என் 31 வருஷ வேலையில் இப்படிக் கத்திய பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரவு சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம், கூடத்து விளக்கின் கீழே, எல்லார் முன்னாலும் அவள் படிக்கட்டும். ஒளித்துப் படிக்கிற நிலைமையை மட்டும் அவளுக்கு வைக்காதீர்கள்.

*

ஆறாம் வகுப்பு மாணவனின் அம்மா, கும்பகோணம்:

"என் மகன் காமிக்ஸ் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான். இது வாசிப்பில் சேருமா?"

சேரும், அம்மா. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது, எங்கள் தெருவில் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத் தவிர எதையும் விரித்துப் பார்க்காத பையன்கள் வரிசையில் நின்று இரவல் வாங்கினார்கள். என் தம்பியும் அதில் ஒருவன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததை வாசிக்கிறவன்தான் மனசுக்குள் நிரப்ப வேண்டும். அது சின்ன வேலையில்லை. அவன் படித்ததை உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் ஒன்றை எடுத்துப் படியுங்கள். பிடுங்கி வைக்காதீர்கள்.

*

ஏழாம் வகுப்பு மாணவன், அரசுப் பள்ளி, திருவாரூர் மாவட்டம்:

"எனக்குக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனா எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருது. வகுப்புல சத்தமாப் படிச்சா சிரிக்கிறாங்க. என்ன செய்யுறது?"

தம்பி, முதலில் ஒன்று. எழுத்துக்கூட்டிப் படிப்பதும் படிப்புதான்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு பெரியவர் வருவார். உப்பளத்தில் வேலை. முழங்கால் வரைக்கும் வெள்ளை பூத்திருக்கும். அறிவொளி இயக்கம் நடந்த நாட்களில், ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றவர். செய்தித்தாளின் ஒரு பத்தியில் விரலை வைத்தாரென்றால் அந்த விரல் நகர்ந்து பத்தி முடிய அரை மணி ஆகும். உதடு அசையும், சத்தம் வராது. முடித்ததும் விரலை எடுத்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, படித்ததை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒரு வார்த்தை பிசகாது. மளமளவென்று புரட்டிப்போகிற பலருக்கு அந்த நினைவு இல்லை.

உன் பள்ளியில் வாசிப்பு இயக்கத்துச் சிறு புத்தகங்கள் இருக்கும், கேட்டுப் பார். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். நீ 'நுழை'யிலிருந்து தொடங்கு. ஏழாவது படித்துக்கொண்டு சின்னப் புத்தகமா என்று கூச்சப்படாதே. வீட்டில் தங்கச்சியோ தம்பியோ, பக்கத்து வீட்டு வாண்டோ யாராவது இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டு. நிறுத்தி நிறுத்திப் படித்தால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள், 'அப்புறம் என்ன ஆச்சு' என்று உன் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரே கதையைப் பத்து நாள் படித்துக் காட்டு. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பள்ளிக் கல்வித் துறை போடுகிற சிறுவர் இதழ்கள் கிடைத்தால் அவற்றையும் எடு. எழுத்து பெரிதாக, படத்தோடு இருக்கும்.

சிரிக்கிறவர்களைப் பற்றி உன் ஆசிரியரிடம் தனியாகச் சொல். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

*

ஒன்பதாம் வகுப்பு மாணவி, சீர்காழி:

"நூலக அறிவியலின் தந்தை எங்கள் ஊர்க்காரர் என்கிறார்கள். அவர் என்ன செய்தார்?"

சீ. இரா. அரங்கநாதன் 1892இல் உங்கள் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். யாருமே வராத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், திரும்ப வகுப்பறைக்கே போய்விடத் துடித்தார். லண்டனுக்குப் படிக்கப் போனவர் அங்கே பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அவருக்குள் தீ பிடித்தது. ஒரு கடையில், துண்டு துண்டான தகடுகளைத் திருகாணி போட்டு விதவிதமாக மாட்டும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கோத்துவிடலாமே என்று அங்கே தோன்றியதுதான் பின்னாளில், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க உதவும் அவருடைய கோலன் பகுப்பு முறை ஆனது.

1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய புத்தகம்' என்பது அதில் இரண்டாவது. 'ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர்' என்பது மூன்றாவது. அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நடமாடும் நூலகமும் கிளம்பியது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததில் அவர் உழைப்பு பெரிது. உன் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பார், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ஆகவே அங்கே இருக்கிற புத்தகத்தில் உனக்கும் பங்கு உண்டு. உரிமையோடு உள்ளே போ.

அந்த மூன்றாவது விதியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் கடைசியில் தேதிச் சீட்டு ஒட்டியிருப்போம். வானத்து நட்சத்திரங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தின் சீட்டில் ஏழு வருஷம் ஒரு முத்திரைகூட இல்லை. கழித்துக்கட்டும் பட்டியலில் அதைச் சேர்க்க எடுத்து வைத்திருந்தேன். அந்த வாரம் ஒரு பையன் வந்து அதைக் கேட்டான். திருப்பித் தந்த அன்றே மறுபடி பதிந்துகொண்டு போனான். பதினோரு முத்திரை வரிசையாக விழுந்தது. எல்லாம் அவனுடையதே.

*

பத்தாம் வகுப்பு மாணவர், மயிலாடுதுறை:

"உங்களுக்கு மிகப் பிடித்த புத்தகம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்."

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. உங்கள் மாயூரத்தில்தான் அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார். ஒரு பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகத்தின் மேல் வருகிற பசி எப்படியிருக்கும் என்பதை அதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை. ஒரு நூலைப் பாடம் சொல்ல யார் இருக்கிறார் என்று ஊர் ஊராக அலைகிற அலைச்சலை, எண்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து நேற்று நடந்ததைப் போல எழுதியிருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் காலமானார். 122 அத்தியாயங்களோடு நிற்கிறது.

அதன் மிச்சத்தை எந்த நூலகத்திலும் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அவருடைய மாணவர் கி. வா. ஜகந்நாதன், விட்ட இடத்திலிருந்து ஆசிரியரின் வாழ்க்கையைத் தொடர்ந்து எழுதினார், 'என் ஆசிரியப்பிரான்' என்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படி. கோடிக்கரைப் பெண்ணே, அந்த நோட்டை நீயும் தூக்கிப் போட்டுவிடாதே.