ஆர்கிட் இலை சுருங்கினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்யாண நாளுக்கு வந்த ஃபலனாப்சிஸ் ஆர்கிட், பளபளப்பான பீங்கான் தொட்டியில் ஜன்னலோரம் இருக்கிறதாம். இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு இப்போது இலைகள் துவண்டு சுருக்கம் விழுகின்றன, தினமும் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை, என்ன செய்வது என்று கேட்கிறார்.

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். இலை தாகத்தில்தான் சுருங்குகிறது, ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாமல் அல்ல, அதை உறிஞ்சும் வேர் அழுகிப்போனதால். இலையைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம், மிச்சமிருக்கும் வேரும் போய்விடுகிறது. நான் பார்த்த ஆர்கிட் சாவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடந்தன.

இது காட்டில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும் செடி. வேரைச் சுற்றி பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும், அது மழையில் நனைந்து அப்புறம் காற்றில் காய வேண்டும். பீங்கான் தொட்டியில் அடியில் ஓட்டை இருக்காது, உள்ளே வேரைச் சுற்றி அடைத்திருக்கும் பாசியோ (மாஸ்) நாள் கணக்கில் ஈரத்தை விடாது, போதாததற்கு நம் கடலோரக் காற்றிலேயே ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம்.

செடியை வெளியே எடுத்து, பாசியை முழுவதும் உதிர்த்து, வேர்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. அழுகியது பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இழுத்தால் மேலுறை கையோடு வந்துவிட்டு உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்கும். நிறத்தை மட்டும் வைத்து வெட்டிவிடாதீர்கள், வெளிச்சம் படாத வேர் மஞ்சளாக இருந்தாலும் கெட்டியாக இருந்தால் அது நல்ல வேர்தான். கத்தரிக்கோலை நெருப்பில் காட்டியோ ஸ்பிரிட்டால் துடைத்தோ, அழுகியதை எல்லாம் நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். ஒன்றிரண்டு வேர்தான் மிஞ்சும் என்றாலும் தயங்க வேண்டாம். தண்டின் அடியே கறுத்து மெத்தென்று ஆகி, குருத்து வரை ஏறியிருந்தால் மட்டும் காப்பாற்றுவது கடினம்.

வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைக்கலாம். வெட்டிய முனையில் மட்டும். நல்ல வேர் மீது பட்டால் அதையும் உலர்த்திவிடும். அப்புறம் ஒரு நாள் நிழலில், காற்றாடக் கிடக்கட்டும்.

மறுபடி நட இணையத்தில் மரப்பட்டை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலக் கரியே அருமையான பொருள். கட்டைவிரல் அளவுக்கு உடைத்து, தூசி போகக் கழுவி, பாதிக்குப் பாதி ஓட்டுச்சில்லு கலந்துகொள்ளுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதானால் உப்பு இறங்க இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டுங்கள். கடற்கரை மணல், தோட்ட மண் இரண்டும் கூடவே கூடாது. தொட்டிக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா போதும், வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னதாக, அடியிலும் பக்கத்திலும் காய்ச்சிய கம்பியால் நிறைய ஓட்டை போட்டு. உள்ளே இருப்பது வெளியே தெரியும் டப்பாவாக இருந்தால் வேரின் நிறம் பார்த்தே தண்ணீர் விடலாம்.

நட்டபின் மூன்று நான்கு நாள் தண்ணீரே வேண்டாம். அதன் பிறகு வேர் வெள்ளியாக மாறினால்தான் ஊற்ற வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஓர் ஐஸ் குச்சியை உள்ளே செருகி பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் இன்று ஊற்ற வேண்டாம். காலையில் ஊற்றுங்கள், குருத்தில் தேங்கினால் பஞ்சால் ஒற்றி எடுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரில் இதுதான் பெரிய விஷயம்: எந்தத் தண்ணீர்? தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் போர் தண்ணீரின் உப்பும் வேரைக் கருக்கியிருக்கிறது. ஆர்கிட் உப்பைத் தாங்காது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 200க்குக் கீழே காட்டும் தண்ணீர் நல்லது. மழைத்தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆர்ஓ தண்ணீரும் சரி. புது வேர் வரும்வரை உரம் எதுவும் போடாதீர்கள்.

வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். தண்டின் அடியில் பச்சையாக ஒரு மொட்டு முனை தலைகாட்டினால் அதுதான் புது வேர், செடி பிழைத்துவிட்டது. சுருங்கிய பழைய இலை முழுவதும் நிமிராமல் போகலாம், அதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பூந்தண்டு இன்னும் நின்றால் இன்றே வெட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் வேரில்லாத செடியை அந்தப் பூ உறிஞ்சித் தீர்த்துவிடும். வெட்டிய தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள், மேலும் பல நாள் வாடாமல் இருக்கும்.