கம்போடிய இனப்படுகொலைக்குப் பிரெஞ்சு ஆட்சியும் அமெரிக்கக் குண்டுவீச்சும் காரணமா?

காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை இல்லாமலேயே, கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவர் போல் பாட் ஆட்சியைப் பிடித்திருப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

1863 முதல் 1953 வரை கம்போடியாவில் பிரெஞ்சு ஆட்சி. குமாஸ்தா வேலைக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் அவர்கள் வியட்நாமியர்களைக் கொண்டுவந்தார்கள். வரி போடுவது பிரெஞ்சுக்காரர், கணக்கு எழுதுவது வியட்நாமியர் என்றால் கம்போடியாவின் பெரும்பான்மை இனமான கெமர் விவசாயிக்கு யார் மேல் கோபம் வரும்? கண்ணெதிரே இருப்பவர் மேல்தான். போதாததற்கு, கெமர் மக்களும் வாழ்ந்த மேக்கோங் கழிமுகப் பகுதியை 1949இல் வியட்நாமோடு சேர்த்துவிட்டார்கள். அந்த மனக்குறை ஆறவே இல்லை. 1970இல் ராணுவத் தளபதி லோன் நோல் ஆட்சியிலேயே வியட்நாமியர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டு, மேக்கோங்கில் பிணங்கள் மிதந்தன. அப்போது கெமர் ரூஜ் ஆட்சிக்கு வரவே இல்லை.

அப்புறம் குண்டுகள். கம்போடியாவுக்குள் இருந்த வியட்நாம் கம்யூனிஸ்டுகளின் முகாம்களைக் குறிவைத்து 1969 மார்ச்சில் அமெரிக்க அதிபர் நிக்சன் குண்டுவீச்சை ரகசியமாகத் தொடங்கினார். ரகசியம் அமெரிக்கர்களுக்குத்தான், குண்டு விழுந்த ஊர்க்காரர்களுக்கு அதில் என்ன ரகசியம்? அடுத்த ஆண்டு லோன் நோல், நாட்டை ஆண்டுவந்த முன்னாள் மன்னர் சிஹானூக்கைக் கவிழ்த்தார். பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) இருந்த சிஹானூக், கெமர் ரூஜோடு கைகோத்து, லோன் நோலை எதிர்த்துப் போராட வானொலியில் மக்களைக் காட்டுக்கு அழைத்தார். பல விவசாயிகள் போனது மார்க்ஸுக்காக அல்ல, தங்கள் மன்னருக்காக. வீடும் வயலும் எரிந்து போனவர்களைச் சேர்ப்பது கெமர் ரூஜுக்கு இன்னும் சுலபமாயிற்று. 1973 ஆகஸ்ட் 15இல் குண்டுவீச்சு நிற்பதற்குள் சுமார் 5 லட்சம் டன் விழுந்திருந்தது.

என்னை மிகவும் உலுக்குவது 1975 ஏப்ரல் 17. தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்த கெமர் ரூஜ் படை, அகதிகளால் பிதுங்கிக் கிடந்த அந்த நகரத்தையே காலி செய்தது. சொன்ன காரணம்: "அமெரிக்கா குண்டு போடப் போகிறது, சில நாளில் திரும்பிவிடலாம்." அப்பட்டமான பொய். ஆனால் அத்தனை வருடம் குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவர்களுக்கு அதை நம்புவதில் என்ன கஷ்டம்? மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களைக்கூட வெளியேற்றினார்கள். அடுத்த நான்கு ஆண்டுக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள்.

சரி, அப்படியானால் பழி முழுக்க அந்நியர் மேல்தானா? லாவோஸைப் பாருங்கள். அங்கும் பிரெஞ்சு ஆட்சி, அங்கே விழுந்த குண்டோ 20 லட்சம் டன்னுக்கு மேல். வெற்றி பெற்ற கம்யூனிஸ்டுகள் கொடுமைகள் செய்தார்கள், ஆனால் கம்போடியாவைப் போல நாட்டின் நாலில் ஒரு பங்கு மக்கள் சாகவில்லை. குண்டு போட்டது வாஷிங்டன். சாம் என்ற சிறுபான்மை இன முஸ்லிம்களையும் வியட்நாமியர்களையும் கொல்ல முடிவெடுத்தது கெமர் ரூஜ் தலைமை. 2018இல், ஐ.நா. ஆதரவோடு கம்போடியாவில் அமைந்த சிறப்பு நீதிமன்றம் கெமர் ரூஜ் தலைவர்களான நுவோன் சியாவையும் கியூ சம்பானையும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

அந்த நீதிமன்றம் விசாரிக்க அனுமதிக்கப்பட்ட காலம் 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 6 வரை மட்டுமே. குண்டுவீச்சு அதற்குள் வரவே இல்லை.