கேட்டா சொல்றேன்: சுவத்துல கீறின சாவு

கேள்வி: இங்கிலாந்துல ஏதோ கிராமத்து சர்ச்ல, பிளேக் வந்தப்ப உசுரோட இருந்தவங்க சுவத்துல எழுதி வெச்சது இன்னும் இருக்குன்னு சித்தப்பா சொல்றார். நெஜமா, இல்ல வாட்ஸப் கதையா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சித்தப்பா இந்த ஒரு தடவ பொய் சொல்லலம்மா. ஊர் பேரு ஆஷ்வெல், லண்டனுக்கு வடக்கால ஹார்ட்ஃபோர்ட்ஷயர்ல இருக்குது, சர்ச் செயின்ட் மேரி. ஊரு என்னமோ சின்னதுதான் ஆனா கோபுரம் 176 அடி. அந்த கோபுரத்துக்கு அடியில, உள்பக்கம் வடக்கு சுவத்துலதான் அந்த எழுத்து, லத்தீன்ல. எப்படி கீற முடிஞ்சுதுன்னா கல்லு அப்படி, கிளஞ்ச்னு ஒரு சுண்ணாம்புக்கல்லு, நம்ம ஸ்கூல் சாக்பீஸுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்னு வெச்சுக்கோங்களேன், கூரா ஒரு ஆணி இருந்தா போதும்.

வருஷத்தக்கூட நேரா எழுதல அந்த மனுஷன். ஆயிரம், மூணு நூறு, அஞ்சு பத்துன்னு விடுகதை மாதிரி போட்டிருக்கார், கூட்டினா 1350. பிளேக் இங்கிலாந்துக்குள்ள வந்தது 1348-ல, அடுத்த ரெண்டு வருஷத்துல மூணுல ஒரு பங்கு ஜனத்துக்கும் மேல வாரிக்கிட்டு போயிடுச்சு. பரிதாபமான வருஷம், வெறி புடிச்ச வருஷம்னு சொல்லிட்டு, சாட்சி சொல்ல மிஞ்சினது ஜனங்கள்ல கழிசடைங்கதான்னு எழுதறார். எழுதினவரும் மிஞ்சினவர்தானே, அப்ப தன்னயும் சேத்துத்தான் திட்டிக்கறார், எனக்கு அந்த வரியத் தாண்டி கொஞ்ச நேரம் போக முடியல. பேரு போடல. லத்தீன் தெரிஞ்சவர்னா அநேகமா சர்ச் ஆளாத்தான் இருக்கும்.

கேள்வி: அதே சுவத்துல புயல் 1361-னு இருக்காம், புத்தகத்துல 1362-னு போட்டிருக்கு. எது தப்பு? (வாசகர், மதுரை)

பதில்: ரெண்டுமே தப்பில்லீங்க. கடைசியில பெருங்காத்து அடிச்சுது, இந்த வருஷம் மாரஸ் உலகத்துல இடி முழக்கறார்னு எழுதியிருக்கு. மாரஸ்ங்கறது ஒரு புனிதர், அவரோட திருநாள் ஜனவரி 15, புயல் வந்தது அன்னிக்குத்தான். அப்ப இங்கிலாந்துல வருஷம் பொறக்கறது மார்ச் 25, அதனால அவங்களுக்கு அந்த ஜனவரி இன்னும் 1361-தான், நம்ம கணக்குக்கு 1362. அந்த காத்துல நார்விச் கதீட்ரலோட கூரான கோபுரமே சாஞ்சுது, ஆஷ்வெல்காரங்க பயந்து எழுதினதுல ஆச்சரியமே இல்ல.

கேள்வி: இவ்ளோ பெரிய சர்ச் கட்ட கிராமத்துக்கு ஏது காசு? (வாசகர், கோவை)

பதில்: ஆஷ்வெல் நிலம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தோடது, அது ஒரு பக்கம். பொதுவா அந்த காலத்து வழக்கம் என்னன்னா, பலிபீடம் இருக்கற பகுதிய தசமபாகம், அதாவது வெளைச்சல்ல பத்துல ஒரு பங்கு வாங்கற பாதிரியார் பாத்துக்கணும், ஜனங்க நிக்கற பகுதி ஊர்க்காரங்க தலையில. அவங்க உண்டியல் மட்டும் நம்பல, பீர் காய்ச்சி திருவிழா வெச்சு வித்து அந்த லாபத்துல கூரை போட்டாங்க, இங்க யாராச்சும் அப்படி நிதி திரட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க!

கேள்வி: சுவத்துல சாவு மட்டும்தானா, வேற ஒண்ணும் இல்லியா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இருக்கே. அதே சுவத்துல ஒரு பெரிய சர்ச் படம் கீறியிருக்கு, 1666 தீவிபத்துக்கு முந்தின லண்டன் செயின்ட் பால் கதீட்ரல்னு பலபேர் சொல்றாங்க. எனக்கு புடிச்சது அது இல்ல, ஒரு தூண்ல இருக்கறது. பக்கத்து ஆள் செஞ்ச வேலை புடிக்காம எவனோ லத்தீன்லயே கீறி வெச்சிருக்கான்: மூலையெல்லாம் சரியா சேரல, தூ!