நடையில் படுத்துவிடும் பக்
மாலை ஐந்து மணிக்குக் கூட்டிப்போனால் உங்கள் பக் இன நாய் பாதி வழியில் படுத்துவிடுகிறது, சோம்பேறித்தனமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க, மூச்சு முட்டுகிறது. நாய் இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும்; பக்குக்கு மூக்குத்துளையே குறுகல். சென்னைப் புழுக்கத்தில் நாக்கு ஈரமும் சீக்கிரம் ஆவியாகாது.

மே முடியும்வரை மாலை நடை வேண்டாம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள், புரியும். விடியற்காலையில் பத்து நிமிடம் போதும். கழுத்துப்பட்டைக்குப் பதில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போடுங்கள். மற்ற நேரம் ஃபேனுக்கடியில், அதன் சாப்பாட்டிலேயே கொஞ்சத்தைத் துண்டில் சுருட்டித் தேட விடுங்கள்; அதிலேயே களைத்துவிடும்.

அப்புறம், வீட்டுக்குள் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் சுடும். நாக்கு நீலம் பாரித்தாலோ தள்ளாடினாலோ அந்த வாளித் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, காற்றுப் படவைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.