வண்டி கேள்வி பதில்: ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) நின்றால் உதறும் பக்கி (சிறிய சரக்கு வண்டி)

கேள்வி: அண்ணா, என்னிடம் 1991 நிஸான் 1400 பக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்னால் காய்கறி ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போவேன். இரண்டு மாதமாக ரோபோட்டில் நின்றால் எஞ்சின் உதறுகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. வேகம் எடுத்துவிட்டால் ஒன்றும் தெரியவில்லை. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, காசைக் கையிலேயே வைத்திருங்கள். நிற்கும்போது உதறல், ஓடும்போது சரி என்று நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். வேறு எங்கோ ஒரு வழியாக எஞ்சின் காற்றைத் திருட்டுத்தனமாக இழுக்கிறது என்பதுதான் என் முதல் சந்தேகம். ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது, கார்புரேட்டர் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சும் இழுப்பு அதிகம், அப்போது சின்ன ஓட்டை வழியாக வரும் காற்றுகூடக் கலவையைக் கெடுத்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் உள்ளே போகும் காற்றே ஏராளம், அதில் இந்த ஓட்டை தெரியாது. முப்பது வருஷ ரப்பர் குழாய் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) போகும் மெல்லிய குழாய், கார்புரேட்டருக்கு அடியில் உள்ள கேஸ்கெட், எஞ்சினுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டின் நட்டுகள், இவற்றைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்புகளில் மட்டும் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். இந்த எஞ்சினில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் அதே பக்கம் அடியிலேயே இருக்கிறது, கிளீனர் பட்டால் தீப்பிடிக்கலாம், அதனால் வேண்டவே வேண்டாம்.

ஓட்டை இல்லையா? எப்படியும் இருட்டிலேயே கிளம்புகிறீர்கள், ஒருநாள் பானட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிளக் வயர்களில் நீலமாகப் பொறி ஓடினால் வயர் செட் போய்விட்டது. டர்பன் ஈரக்காற்றில் இது சகஜம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் விரிசல் இருக்கிறதா என்றும், அதற்குள் திறந்து மூடிப் பொறியைத் தூண்டும் பாயின்ட் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாயின்ட் இடைவெளி 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதை மாற்றினால் டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) நகரும், அதையும் சரிபார்த்தே ஆக வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம்தான் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்: ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் குறைவு என்றால் ஹெட் கேஸ்கெட். இவ்வளவும் பார்த்த பிறகும் உதறினால் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுங்கள். புதிது வாங்குவது அதற்கும் பிறகு.

கேள்வி: அப்பாவின் பழைய கார்புரேட்டர் பக்கியை டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கொண்டுவந்தேன். இங்கே வந்ததிலிருந்து கரும்புகை, பெயருக்கு ஏற்ற மாதிரி பெட்ரோலையும் பக்கி போலக் குடிக்கிறது. டர்பனில் நன்றாகத்தான் ஓடியது!
– லெனேசியா வாசகி

பதில்: அக்கா, வண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் ஏறி வந்திருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆனால் கார்புரேட்டருக்கு அது தெரியாது, டர்பனில் ஊற்றிய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றுகிறது. முதலில் எஞ்சின் சூடான பிறகு சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள், பாதி மூடிய சோக்கும் இதே புகையைத்தான் காட்டும். அது சரியாக இருந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சற்றுச் சிறியதாக மாற்றச் சொல்லுங்கள். புகை போகும், ஆனால் டர்பனில் இருந்த இழுவை அங்கே முழுதாக வராது. கழற்றிய ஜெட்டைத் தூக்கிப் போடாமல் கையுறைப் பெட்டியில் வையுங்கள். வண்டி மறுபடி கடற்கரைக்கு இறங்கினால் அதுதான் வேண்டும், சின்ன ஜெட்டோடு அங்கே ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும்.